ட்ரம்ஸ் அடிக்கிற தம்பி கனடா போக முன்னம்

வந்த கடிதம்: "அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரொக் பாண்ட் வைத்திருக்கிறோம். மூன்று வருசமாக எங்கள் வீட்டுக் கராஜில்தான் பழகுகிறோம். சொந்தப் பாட்டு பத்து இருக்கிறது. கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று வாசித்து 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா சேர்த்திருக்கிறோம். ட்ரம்ஸ் அடிக்கிற தம்பிக்குக் கனடா விசா வந்துவிட்டது, இன்னும் நாலு மாதம், செப்டெம்பரில் போகிறான். அதற்குள் முதல் அல்பம் எடுக்க வேண்டும். கொழும்புக்குப் போவதா, இங்கேயே எடுப்பதா? முழு அல்பமா, ஒவ்வொரு பாட்டாக விடுவதா? லண்டன் மாமா ஒருவர் 2 இலட்சம் தருகிறேன் என்கிறார், ஆனால் தயாரிப்பாளர் என்று தன் பெயர் வர வேண்டுமாம். எங்கட தமிழில் பாடினால் இந்தியாவில் விளங்காது, சினிமாத் தமிழில் பாடுங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் கவிதை ஒன்றுக்கும் மெட்டுப் போட்டிருக்கிறோம். மூன்று பாட்டைப் போனில் பதிந்து அனுப்புகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கோ."

தம்பி, மூன்று பாட்டையும் கேட்டேன். முதலில் போனிலேயே, பிறகு வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு ஹெட்போனில். இரண்டாவது பாட்டை ஆறு தரமாவது கேட்டிருப்பேன். போன் பதிவுதான், சிம்பல் சத்தம் எல்லாவற்றையும் விழுங்குகிறது, பேஸ் கிற்றார் தங்கச்சி என்ன வாசிக்கிறா என்பதை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது, ஆனாலும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசிக்கிறீர்கள் என்பது நல்லாகத் தெரிகிறது. அது காசு குடுத்து வாங்குகிற சாமான் இல்லை. மூன்று வருசம் ஒரே கராஜுக்குள் வேர்த்துக் கொட்டிப் பழகியதால் வந்தது. ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடி இதுதான்: நாலு பேரும் சேர்ந்து வாசிக்கிற அந்த வாசிப்பு, ட்ரம்ஸ் தம்பி பிளேன் ஏற முன்னம், பதிவில் விழுந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். கிற்றாரைத் திரும்ப வாசிக்கலாம், குரலை மார்கழியிலும் எடுக்கலாம், மிக்சிங்கை, அதாவது பதிந்த சத்தங்களை அளவு பார்த்துக் கலக்கிற வேலையை, எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். நாலு பேர் ஒரு வீட்டுக்குள் நின்று வாசிப்பதை மட்டும் பிறகு செய்ய முடியாது.

கொழும்புக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அங்கே நல்ல ஸ்ரூடியோக்களும் கைதேர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நாலு பேரின் பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, வேலைக்குப் போடுகிற லீவு எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது ஒன்றரை நாள் ஸ்ரூடியோ நேரம்தான், அந்த ஒன்றரை நாளும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பீர்கள். இங்கிலாந்தின் பீற்றில்ஸ் பாண்ட் தங்கள் முதல் அல்பத்தின் பத்துப் பாட்டை 1963 பெப்ரவரி 11 ஆம் திகதி ஒரே நாளில் பதிந்தார்களே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். உண்மைதான். லெட் செப்பலின் என்ற இன்னொரு இங்கிலாந்து ரொக் பாண்டின் முதல் அல்பத்துக்குப் போன ஸ்ரூடியோ நேரம் 36 மணித்தியாலம் அளவுதான் என்று அதற்குக் கைக்காசு போட்ட அவர்களின் கிற்றார்காரர் ஜிம்மி பேஜே சொல்லியிருக்கிறார். ஆனால் பீற்றில்ஸ் அதற்கு முன் ஜேர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவிரவாக வாசித்து வாசித்துத் தேறியவர்கள், லெட் செப்பலின் ஸ்கண்டிநேவியாவில் ஒரு சுற்று மேடையேறிவிட்டு வந்து பதிந்தவர்கள். இரண்டு பேருக்குமே பாட்டு ஸ்ரூடியோவுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது. உங்களுக்கும் பாட்டு கராஜில்தான் முடிய வேண்டும். பதிவு நாளில் "இந்த இடத்தில் என்ன வாசிப்போம்" என்ற கதையே வரக்கூடாது.

இன்னொன்று, பீற்றில்ஸ் பதிந்த அந்த ஒரு நாளில் அவர்களின் பாடகர் ஜோன் லெனனுக்குத் தடிமன், தொண்டையைக் கிழித்துப் பாட வேண்டிய பாட்டை அதனால்தான் கடைசிக்கு விட்டார்கள். உங்கள் மூன்றாவது பாட்டு அப்படிப்பட்டது. அதைக் காலையில் தொடாதீர்கள், தம்பி.

இனிப் பாட்டுக் கணக்கு. பத்து வேண்டாம், ஏழு போதும். நாலு முதல் ஆறு பாட்டு வரை, அரை மணித்தியாலத்துக்குள் என்றால் ஈபி என்கிற சின்ன அல்பம், ஏழு பாட்டோ அதற்கு மேலோ இருந்தால், இல்லை அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் அல்பம் என்பது இணையத்தில் பாட்டு வெளியிடுகிற தளங்களின் பொதுவான கணக்கு. ஏழு என்றாலே அல்பம் என்று பெயர் வந்துவிடும், பிறகு ஏன் பத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? எந்த மூன்றை விடுவது என்பதை நீங்களே முடிவெடுங்கள், ஆனால் ஒரு வழி சொல்கிறேன். பாட்டுத் தெரியாத ஒருவரைக் கராஜில் ஒரு கதிரையில் இருத்தி, பத்தையும் வாசித்துக் காட்டி, அடுத்த நாள் "எது ஞாபகத்தில் இருக்கிறது" என்று கேளுங்கள். கூட்டாளிமாரைக் கேட்கக்கூடாது, அவர்கள் எல்லாம் நல்லது என்பார்கள். பக்கத்து வீட்டு அன்ரி நல்ல ஆள்.

அடுத்த நாலு கிழமையும் ஒவ்வொரு பழக்கத்தையும் போனில் பதிந்து, அடுத்த நாள் தனித்தனியே கேளுங்கள். உங்கள் இரண்டாவது பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல்லவிக்கு வரும்போது வேகம் ஏறுகிறது, அது பரவாயில்லை, பாட்டு அதைக் கேட்கிறது. ஆனால் பல்லவி முடிந்து சரணத்துக்குத் திரும்பும்போது வேகம் இறங்கவில்லை. மூன்றாவது சரணத்தில் நீங்கள் சொற்களைக் கடித்துத் துப்புகிற அளவுக்குப் போய்விட்டது.

இந்த வேக விசயத்தில் எனக்குக் காது திறந்த கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யுத்தத்தால் இங்கே கறண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் ரெக்கோடருக்குக் குடுக்க வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது, சுற்றுகிற வேலை என்னுடையது. கை நோகும்போது பாட்டு மெதுவாகும், குரல் தடிக்கும், ஸ்வரமே கீழே இறங்கும். யாராவது "டேய் சுத்தடா" என்பார்கள், ஓங்கிச் சுற்றினால் பாடகர் சின்னப்பிள்ளைக் குரலில் பாடுவார். வேகம் எங்கே மாறுகிறது என்று என் காது தேடத் தொடங்கியது அங்கேதான். இன்றைக்கும் ட்ரம்ஸ்காரர் எந்த இடத்தில் களைக்கிறார் என்பது எனக்கு உடனே தெரியும், கனடா போகிற தம்பி களைக்கிறவர் இல்லை, அவசரப்படுகிறவர். அவருக்கு மருந்து கிளிக், அதாவது ஹெட்போனில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கிற தாளச் சத்தம். இரண்டு கிழமை எல்லாப் பாட்டையும் கிளிக்கோடு பழகுங்கள். பதியும்போது முதல் எண்ணிக்கைக்கு மட்டும் கிளிக்கை வைத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்பது என் விருப்பம், ஏனென்றால் உங்கள் பாட்டுகள் மூச்சு விடுகிற பாட்டுகள். மற்ற ஒலிப்பதிவாளர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், வெட்டி ஒட்டுவதற்குக் கிளிக் வசதிதான், அதுவும் உண்மை.

இடத்தைப் பற்றி. கராஜில் பதிய வேண்டாம். சின்னச் சதுர அறை, மேலே கொங்கிரீற் தட்டு, நாலு பக்கமும் சீமெந்துச் சுவர்: பேஸ் ட்ரம் அடித்தால் அறை முழுக்கக் குமுறுகிறது, அது உங்கள் போன் பதிவிலேயே கேட்கிறது. உங்கள் நாலு பேரில் யாருக்காவது அம்மம்மா வீடு ஓட்டு வீடாக இருந்தால் அதன் ஹோல் உங்களுக்குப் பெரிய சொத்து. ஓட்டுக் கூரை சரிவாக இருப்பதால் சத்தம் தரைக்கும் கூரைக்கும் இடையில் பந்து போல அடிபடாது, கொஞ்சச் சத்தம் ஓட்டு இடுக்கால் வெளியேயும் போய்விடும். நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டியதும் 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் திரும்பி வந்தால் அந்தச் சுவருக்கு முன்னால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், ட்ரம்ஸுக்குக் கீழே கம்பளமோ தடித்த பாயோ விரியுங்கள். முட்டைத் தட்டு ஒட்டாதீர்கள், அது வெளிச் சத்தத்தையும் மறிக்காது, உள்ளே பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது. கிற்றார் அம்பிளிபையரைக் குசினியில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், பேஸ் கிற்றாரை நேரடியாக வயரில் எடுங்கள், நீங்கள் சாமியறையிலோ உள்ளறையிலோ நின்று மற்றவர்கள் இடம் பிடித்து வாசிக்க வழிகாட்டுக் குரல் பாடுங்கள், எல்லாருக்கும் ஹெட்போன். கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு கதவாவது திறந்திருக்கட்டும், நாலு பேரும் ஒருவர் தலையசைப்பை ஒருவர் பார்த்து வாசிக்கிறவர்கள் என்பதால் சொல்கிறேன். கிற்றாரை அம்பிளிபையருக்குப் போக முன்னம் பிரித்து, வெறும் கிற்றார் சத்தத்தையும் தனியாக ஒரு ட்ராக்கில் (ஒலித்தடத்தில்) பிடித்து வையுங்கள். பிறகு அம்பிளிபையர் சத்தம் பிடிக்கவில்லை என்றால் அந்த வெறும் சத்தத்தையே இன்னொரு நல்ல அம்பிளிபையருக்குள் விட்டுத் திரும்பப் பதியலாம்.

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ட்ரம்ஸில் செலவழியுங்கள், மைக் எல்லாம் அதற்குப் பிறகு. புதுத் தோல் போட்டு, பதிவுக்கு முதல் நாள் முழுவதும் சுருதி சேர்ப்பதற்கே ஒதுக்குங்கள். இணுவில், அளவெட்டித் தவில்காரர் கச்சேரிக்கு முன்னம் எவ்வளவு நேரம் மினக்கெடுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள், தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசித்த ஊர் இது, தோல் வாத்தியத்தின் சுருதி என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஸ்னேர் என்கிற, 'சட்' என்று அடிக்கிற அந்தச் சின்ன ட்ரம்மின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு ஆணிக்குப் பக்கத்திலும் குச்சியால் மெல்லத் தட்டுங்கள், எல்லா இடமும் ஒரே ஸ்வரம் தர வேண்டும். ஒரு இடம் கீழே நின்றால் அந்த ஆணியைக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், பிறகு எதிர்ப்பக்கம்.

மைக் நாலு இருந்தால் போதும். பேஸ் ட்ரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே தொங்குகிற இரண்டையும் கண்மட்டத்தில் வைக்கக்கூடாது. ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் பிடித்து, மற்ற முனையை முதல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள், பிறகு அதே முடிச்சு இரண்டாவது மைக்கையும் தொடுகிற மாதிரி அதை நகர்த்துங்கள். எங்கள் வெக்கைக்கு ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் போகும். ஒரு மைக் ஒரு சாண் தள்ளி நின்றாலே ஸ்னேர் அடி இரண்டு மைக்குக்கும் இரண்டு நேரத்தில் போய்ச் சேரும், இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றை ஒன்று தின்று ஸ்னேர் தகரம் போல மெலிந்துவிடும். மிக்சிங்கில் எவ்வளவு உழைத்தாலும் அந்தச் சதை முழுதாகத் திரும்பாது. ஐந்து ரூபா நூலும் பத்து நிமிசமும்தான் செலவு.

24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் என்ற தரத்தில் பதியும்படி ஒலிப்பதிவாளரிடம் சொல்லுங்கள். சத்தத்தின் உச்சம் மீற்றரின் மேல் எல்லையான பூச்சியத்துக்குப் பத்து டெசிபல் கீழே நின்றால் தாராளம், சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்கு ஏற்றினால்தான் ரொக் என்பது பழைய ஒலிநாடாக் காலத்துப் பழக்கம். லப்டொப்புக்கும், மைக்கை அதோடு இணைக்கிற இன்ரபேசுக்கும் யூபிஎஸ் கட்டாயம், நல்ல ரேக் ஒன்றின், அதாவது ஒரு தரம் முழுதாக வாசித்துப் பதிவதன், கடைசி நிமிசத்தில் கறண்ட் போனால் அதே மனநிலையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மின்விசிறி வேண்டாம், பிரிட்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போகும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். வெக்கையில் கிற்றார் கம்பி இளகும், ஒவ்வொரு ரேக்குக்கு முன்னமும் சுருதி பாருங்கள்.

திகதியையும் இப்போதே குறியுங்கள். ஆனி நடுவில் மூன்று நாள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கொக்குவில் பக்கம் ஒன்றும் பதிய முடியாது, பதியவும் மனம் வராது. ஆனியிலும் பக்கத்துக் கோவில் எதற்காவது கொடியேறுகிறதா என்று முதலே கேட்டு வையுங்கள், லவுட்ஸ்பீக்கர் தூரத்தில்தான் என்றாலும் மேலே தொங்குகிற மைக் அதைக் கேட்டுவிடும். முதல் நாள் ட்ரம்ஸ் சுருதியும் மைக்கும், ஒரு பாட்டும் பதிய வேண்டாம். இரண்டாம் நாள் நாலு பாட்டு, மூன்றாம் நாள் மூன்று. ஒரு பாட்டை ஐந்து தரத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். ஐந்தில் வராதது ஆறில் வராது, வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

சரி, தமிழ். இதைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் இருக்கிறது. நீங்கள் கதைக்கிற தமிழிலேயே பாடுங்கள். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில்தான் பொப்பிசை பாடினார், ஏ.ஈ. மனோகரன் இலங்கைப் பொப்பிசையைத் தமிழ்நாட்டுக்கே கொண்டுபோனார், அங்கே சனம் விளங்கித்தான் கேட்டது. உங்கள் முதல் பாட்டில் 'காற்று' என்ற சொல் வருகிறது. அந்த 'ற்ற'வை எங்கள் ஊர் வாய் சொல்கிற விதத்தில், நாக்கு நுனியால் அடித்து, ஸ்னேரோடு சேர்த்துப் பாடியிருக்கிறீர்கள். 'காத்து' என்று பாடியிருந்தால் அந்த அடி கிடைத்திருக்காது. ரொக்குக்கு இதைவிட வசதியான உச்சரிப்பை எங்கே தேடுவது? சினிமாத் தமிழில் பாடுகிறவர்கள் ஆயிரம் பேர், அவர்களுடைய வாய்க்கு அது சொந்தம், உங்களுக்கு அது இரவல்.

ஆனால் தமிழில் ரொக் பாடுவதில் உண்மையான இடைஞ்சல் ஒன்று இருக்கிறது, அது ஊர் வித்தியாசம் இல்லை, குறில் நெடில். இங்கிலிசுக்காரர் எந்த உயிரையும் எவ்வளவும் இழுக்கலாம். நாங்கள் குறிலை இழுத்தால் சொல்லே மாறிப்போகும். மூன்றாவது பாட்டின் பல்லவியில் 'என்னை விடு' என்று கத்துகிறீர்கள், 'வி'யில் ஏறி ஒரு முழுச் சுற்று நிற்கிறீர்கள். எனக்குக் கேட்டது 'என்னை வீடு'. மூன்று தரம் கேட்ட பிறகுதான் விளங்கியது. என் மனுசியைக் கேட்டேன், அவவுக்கும் வீடுதான் கேட்டது. மெட்டை மாற்றத் தேவையில்லை. 'வி'யைச் சட்டென்று தட்டிவிட்டு, அந்த நீளத்தை 'டு'வில் போடுங்கள். 'விடூஊஊ' என்று நீண்டால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது, கேட்கிறவருக்குச் சொல் முதலே போய்ச் சேர்ந்துவிடும். பதிவுக்கு முன்னம் எல்லாப் பாட்டின் வரிகளையும் தாளில் எழுதி, எந்த எழுத்தில் ஸ்வரம் நீள்கிறதோ அதன் கீழே கோடு போடுங்கள். கோடு குறிலில் விழுந்த இடத்தில் எல்லாம் ஒருதரம் நின்று யோசியுங்கள். மலை, மாலை, கல், கால், படம், பாடம்: இப்படி எத்தனை சோடி எங்கள் மொழியில். சங்கீத வித்துவான்கள் இதோடு காலம் காலமாக மல்லாடியவர்கள், உங்களுக்கும் கைவரும்.

மஹாகவியின் கவிதைக்கு மெட்டுப் போட்டது எனக்குச் சந்தோசம், ஆனால் கேட்காமல் வெளியிடாதீர்கள். மஹாகவி 1971 இல் காலமானார். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் காலமாகி 70 ஆண்டு வரை இருக்கும், அப்படியென்றால் 2041 வரை அந்தக் கவிதைக்கு உரிமையாளர் உண்டு. குடும்பத்தவருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவையும் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாலு மாதம் அதற்குப் போதும், இன்றைக்கே எழுதுங்கள். பதில் வரப் பிந்தினால் அந்தப் பாட்டைப் பதிந்து வைத்துக்கொண்டு வெளியிடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். பழைய ஊர்ப்பாட்டு ஒன்று வேண்டுமென்றால் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இருக்கிறார், அவர் காலமானது 1953 இல், 70 ஆண்டுக் கணக்கு 2023 இலேயே முடிந்துவிட்டது.

உங்கள் சொந்தப் பாட்டுகளுக்குப் பதிவு, முத்திரை ஒன்றும் தேவையில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. ஆனால் உங்கள் நாலு பேருக்குள் யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் உங்களுக்காக எழுதித் தராது. தம்பி போக முன்னம் ஒரு பின்னேரம் நாலு பேரும் இருந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார், எத்தனை வீதம், இந்தப் பதிவின் சொந்தக்காரர் யார், தம்பிக்குப் பதில் வேறு ஒருவர் மேடையில் வாசித்தால் என்ன, தம்பி திரும்பி வந்தால் என்ன என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். கூட்டாளிமாருக்குள் என்ன எழுத்து என்று கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், எழுதுங்கள். என் கணிப்புப்படி நாலு பேருக்கும் சமமாகப் பிரிப்பதுதான் உங்களுக்குப் பொருந்தும், நீங்கள் வரி எழுதுகிறவர் என்றாலும். அந்த இரண்டாவது பாட்டை பாட்டாக்கினது பேஸ் கிற்றார்தான்.

மாமாவின் காசை வாங்கலாம். நிர்வாணா என்ற அமெரிக்க ரொக் பாண்டின் முதல் அல்பம் 1989 இல் வந்தது, பதிவுச் செலவு 606 டொலர் 17 சதம், அந்தக் காசைக் குடுத்தவர் ஜேசன் எவர்மன். அவர் அந்த அல்பத்தில் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை, ஆனாலும் கிற்றார் என்று பெயர் போட்டு மட்டையில் படமும் போட்டார்கள். நன்றிக்குப் பெயர் போடுவதில் ஒரு குறையும் இல்லை. மாமாவின் பெயரைத் தயாரிப்பாளர் என்றே போடுங்கள், வடிவான எழுத்தில் போடுங்கள். ஆனால் பெயர் வேறு, உரிமை வேறு. காசு அன்பளிப்பா, கடனா, கடன் என்றால் எதிலிருந்து எப்போது திருப்புவது, பாட்டுகளில் அவருக்குப் பங்கு இல்லை என்பது: மூன்று வரி வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கினாலே பெரிய காரியம். முகத்துக்கு நேரே கேட்கத் தயங்கி, பிறகு கலியாண வீட்டில் முகம் திருப்புகிற நிலைக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

காசைப் பிரிப்பது பற்றி: மூன்றில் ஒரு பங்கு பதிவுக்கு, ட்ரம்ஸ் தோலும் கிற்றார் கம்பியும் இதற்குள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட மிக்சிங்குக்கும் மாஸ்டரிங் என்கிற கடைசி மெருகுக்கும். மிச்சம் அட்டைப்படம், வெளியீடு. மிக்சிங்கைத்தான் கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்புங்கள், அங்கே காசு போடுவது நியாயம், அதற்கு நீங்கள் பயணம் போகத் தேவையில்லை. மாஸ்டரிங்கை மிக்ஸ் செய்தவரே செய்யாமல் இன்னொரு காது செய்தால் நல்லது. மிக்ஸ் வந்ததும் ஹெட்போனில் மட்டும் கேட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள், ஓட்டோவில் போட்டுக் கேளுங்கள், தெரிந்த மினிபஸ்காரர் இருந்தால் அதிலும். பஸ்ஸில் உங்கள் வரி விளங்கினால் எங்கேயும் விளங்கும். இன்னும் சத்தமாக்குங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், ஸ்பொட்டிபை எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும், நசித்து ஏற்றிய சத்தம் அங்கே வெறும் நசிவாகத்தான் கேட்கும்.

வெளியீட்டை அவசரப்படுத்த வேண்டாம். செப்டெம்பருக்குள் பதிவுதான் முடிய வேண்டும், அல்பம் வெளிவர வேண்டும் என்று இல்லை. நல்லூர்க் கொடியிறங்கிய பிறகு, தம்பியின் பயணத் திகதியைப் பார்த்து, நூறு நூற்றைம்பது பேர் கொள்கிற ஒரு மண்டபத்தில் ஏழு பாட்டையும் வாசியுங்கள். வீரசிங்கம் மண்டபம் பிறகு ஒரு நாளுக்கு இருக்கட்டும், முதல் தரம் சின்ன இடம் நிரம்பியிருப்பதுதான் வடிவு. மார்கழியில் ஒரு பாட்டு, தைப்பொங்கலுக்கு முன் இன்னொன்று, தை முடிவில் முழு அல்பம். வெளிநாட்டுச் சனம் விடுமுறைக்கு வந்து நிற்கிற காலம் அது. ஒவ்வொரு பாட்டாகவே விட்டுக்கொண்டிருப்பது வேண்டாம், உங்கள் ஏழும் ஒரே வீட்டில் மூன்று நாளில் பதிந்ததாக இருக்கப்போகிறது, அதைச் சேர்த்துக் கேட்கும்போதுதான் அந்த வீடு கேட்கும்.

விநியோகத் தளங்களுக்கு ஒரு மாதம் முன்னமே ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிபை 2021 இல் இலங்கைக்கு வந்தது, அவர்களுடைய பாட்டுப் பட்டியல்களுக்கு (பிளேலிஸ்ற்) உங்கள் பாட்டை விண்ணப்பிப்பதாக இருந்தால் வெளியாகக் குறைந்தது ஏழு நாளுக்கு முன்னம் விண்ணப்பிக்க வேண்டும், வெளியான பிறகு வழியில்லை. பாண்டின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். காசு எந்த வழியால் உங்கள் வங்கிக்கு வரும் என்பதைக் கணக்குத் திறக்க முன்னமே பாருங்கள், பேபால் ஊடாகப் பணம் பெறுவது எங்களுக்கு நீண்ட காலம் சிக்கலாக இருந்த விசயம். எப்படியும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், 2024 இலிருந்து 12 மாதத்தில் ஆயிரம் தரமாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிபை ஒரு சதமும் தருவதில்லை. சீடி அடிக்க வேண்டாம், போட்டுக் கேட்க வீடுகளில் பெட்டி இல்லை. அதற்குப் பதில் ஏழு பாட்டின் வரிகளையும் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து மண்டப வாசலில் வையுங்கள், எங்கள் சனம் புத்தகத்தைக் கையில் எடுத்தால் வாங்காமல் வைக்காது.

கடைசியாக ஒன்று, இதை நான் எழுதாமல் விட்டால் இரவு நித்திரை வராது. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு பெடியன் குழுவை நான் பதிந்தேன். பதிவு முடிந்த மாதமே அவர்களின் ட்ரம்ஸ்காரர் அவுஸ்திரேலியா போய்விட்டார். எல்லா ட்ராக்கும் என்னுடைய ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, பிரதி எடுக்கவில்லை, அந்த டிஸ்க் ஒரு நாள் கிடுகிடென்று சத்தம் போட்டுவிட்டுத் திறக்கவே இல்லை. பிழை முழுக்க என்னுடையது. இன்றைக்கு அந்த நாலு பேரும் சேர்ந்து வாசித்ததற்கு மிச்சம் இருப்பது யாரோ தங்கச்சியின் போனில் கிடந்த மங்கலான ஒரு எம்பித்ரீ. ஆகவே மூன்றாம் நாள் இரவு, கழற்றிப் பூட்ட முன்னம், எல்லா ட்ராக்கையும், மிக்ஸ் செய்யாத வெறும் ட்ராக்குகளை, மூன்று டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று ஒலிப்பதிவாளரிடம். ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியில், சாரி மடிப்புக்குள், அம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள். மூன்றாவதைத் தம்பியின் சூட்கேஸில் வைத்துவிடுங்கள், மிளகாய்த்தூள் பொதிக்குப் பக்கத்தில் இல்லாமல், கையில் கொண்டுபோகிற பையில்.